மின்சாரக் கம்பெனி கார்: மைல் கணக்கும் கரண்ட் கணக்கும்

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தோடு ஒரு மின்சாரக் காரும் கைக்கு வந்திருக்கிறது என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கு. வேலை விஷயமாக ஓட்டிய மைல்களுக்கு உங்கள் கைப்பணம் எவ்வளவு போகிறது, அதைக் கம்பெனியிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது, வாங்கும்போது வரித்துறையிடம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி, இவ்வளவுதான் இங்கே பேச்சு.

பெட்ரோல் காரில் இந்தக் கணக்கு சுலபம். எந்த பங்கில் போட்டாலும் லிட்டர் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. மின்சாரம் அப்படியல்ல. இரவுக் கட்டணத்தில் வீட்டில் 7 பென்சுக்குக் கிடைக்கும் ஒரு யூனிட்டுக்கு, மோட்டார்வே ஓரத்து அதிவேகச் சார்ஜரில் 79 பென்ஸ் வரை கேட்பார்கள். பதினோரு மடங்கு! அதனால் மைல் எண்ணிக்கையை மட்டும் குறித்து வைத்தால் போதாது. எங்கே சார்ஜ் போட்டீர்கள் என்பதும் கூடவே எழுதப்பட வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

1. கார் யாருடையது? கம்பெனி வாங்கியதோ, கம்பெனி லீசுக்கு எடுத்ததோ என்றால் அது கம்பெனி கார். சாலரி சாக்ரிஃபைஸ் திட்டத்தில், உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டு தரப்படும் காரும் கம்பெனி கார்தான். பணம் நம் சம்பளத்திலிருந்து போகிறதே, அப்புறம் எப்படி அது கம்பெனி காராகும் என்று பலரும் கேட்கிறார்கள். லீஸ் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, அதுதான் கணக்கு.

2. முழுக்க மின்சாரமா, ஹைப்ரிடா? பிளக் போட்டுச் சார்ஜ் செய்கிற ஹைப்ரிடாக இருந்தாலும் மைல் விகிதத்துக்கு அதைப் பெட்ரோல் அல்லது டீசல் கார் என்றே வரித்துறை பார்க்கிறது. எஞ்சின் அளவுக்கேற்ற எரிபொருள் விகிதம்தான் அதற்கு. இங்கே சொல்லப்படுவது முழு மின்சாரக் காருக்கு மட்டும்.

3. உங்கள் கம்பெனி எந்த முறையில் பணம் தருகிறது? மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சார்ஜ் செலவை நீங்கள் போட்டு, வேலைக்காக ஓடிய மைலுக்கு இவ்வளவு பென்ஸ் என்று வாங்குவது. இரண்டு, எல்லாச் சார்ஜ் செலவையும் கம்பெனியே ஏற்பது. மூன்று, கம்பெனி கார்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சொந்த உபயோக மைலுக்கு நீங்கள் திருப்பிக் கட்டுவது. கார்க் கொள்கை என்று ஓர் ஆவணம் எச்.ஆரிடம் இருக்கும். அதை வாங்கிப் படிக்காமல் ஒரு மைல்கூடக் கிளெய்ம் போடாதீர்கள்.

45 பென்ஸ் உங்களுக்கு இல்லை

நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி காதில் விழும் எண் இது. சொந்தக் காரை வேலைக்காக ஓட்டினால், வரியாண்டில் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதன் பிறகு 25 பென்ஸ் வரை வரியில்லாமல் வாங்கலாம். சொந்தக் கார் மின்சாரக் காராக இருந்தாலும் இதே விகிதம்தான். காரின் விலை, தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் நீங்களே சுமக்கிறீர்கள் என்பதால் அவ்வளவு.

கம்பெனி காரில் அந்தச் சுமை உங்கள் தலையில் இல்லை. அதனால் ஓட்டிய மைலுக்கு ஆன மின்சாரச் செலவு மட்டுமே உங்களுக்கு வரும். சாலரி சாக்ரிஃபைஸ் கார் வைத்துக்கொண்டு 45 பென்ஸ் கிளெய்ம் போடுவது இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பேரோல் கவனிக்காமல் கொடுத்தும்விடும். பின்னால் தணிக்கை வரும்போது, அதிகப்படியாக வாங்கியது சம்பளமாகக் கருதப்பட்டு, வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்சும் சேர்ந்து வரும்.

அட்வைசரி ரேட்: பென்சுக் கணக்கு

மின்சாரக் கம்பெனி கார்களுக்கென்று வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. ஒரு மைல் விகிதம் வெளியிடுகிறது. 2018 செப்டம்பரில் மைலுக்கு 4 பென்ஸ் என்று தொடங்கியது. மின்கட்டணம் எகிறிய 2023-இல் 10 பென்ஸ் வரை போய்த் திரும்பியது. பல ஆண்டுகள் எல்லாருக்கும் ஒரே விகிதம். வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் உள்ளவருக்கு அதில் லாபம், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்துகொண்டு தெருச் சார்ஜரை நம்பியிருப்பவருக்கு நஷ்டம். 2025 செப்டம்பர் 1 முதல்தான் இதை இரண்டாகப் பிரித்தார்கள்: வீட்டில் போட்ட சார்ஜுக்கு 8 பென்ஸ், பொதுச் சார்ஜருக்கு 14 பென்ஸ். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் வீட்டு விகிதம் 7 ஆனது. பொது விகிதம் 14-லேயே நின்றது.

மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஆகிய மாதங்களின் முதல் தேதியில் விகிதம் மாறலாம். புதிய விகிதம் வந்த பிறகும் ஒரு மாதம் வரை பழையதைப் பயன்படுத்தக் கம்பெனிக்கு அனுமதி உண்டு. ஆகவே இந்தப் பக்கத்தில் உள்ள எண்ணைக் கிளெய்மில் எழுதாதீர்கள். அரசின் இணையதளத்தில் அந்தக் காலாண்டின் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது. அதற்காகத்தான் கீழே உதாரணத்துக்கு 7-ஐயும் 14-ஐயும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த விகிதத்துக்குள் வாங்கினால் வரிக் கேள்வியே இல்லை, உங்கள் உண்மைச் செலவு அதைவிடக் குறைவாக இருந்தாலும். விகிதத்துக்கு மேல் கம்பெனி தரலாம், ஆனால் மைலுக்கு ஆன உண்மைச் செலவு அவ்வளவு என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அதிகப்படிக்கு வரி. விகிதத்துக்குக் கீழேதான் தருவேன் என்று கம்பெனி சொன்னால் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

எது வேலை மைல்?

கிளெய்ம்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

- வீட்டிலிருந்து வழக்கமான ஆபீசுக்குப் போய்வருவது சொந்தப் பயணம். வாரத்துக்கு இரண்டு நாள்தான் போகிறீர்கள் என்பதால் அது மாறிவிடாது.
- வீட்டிலிருந்து நேரே வாடிக்கையாளர் இடத்துக்குப் போனால் வேலைப் பயணம். ஆனால் அந்த இடம் ஆபீசுக்கு அடுத்த தெருவில் என்றால், நீங்கள் செய்தது ஏறக்குறைய வழக்கமான ஆபீஸ் பயணமே. அதைக் கிளெய்ம் போட முடியாது.
- ஆபீசிலிருந்து இன்னொரு கிளைக்கோ வாடிக்கையாளரிடமோ போவது வேலைப் பயணம்.
- ஐ.டி. துறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வாடிக்கையாளர் இடம் தற்காலிகம் என்றால்தான் அங்கே போய்வரும் மைல் வேலை மைல். அங்கே 24 மாதத்துக்கு மேல், உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ செலவிடுவீர்கள் என்று ஆகிவிட்டால் அது நிரந்தர வேலையிடம். 24 மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிராஜெக்ட் நீட்டிக்கப்பட்டு அவ்வளவு காலம் ஆகும் என்று தெரிந்த நாளிலிருந்தே கிளெய்ம் நின்றுவிட வேண்டும்.
- வேலை முடிந்து திரும்பும் வழியில் ஈஸ்ட்ஹாமில் கறிகாய் வாங்க ஒதுங்கினால் அந்தச் சுற்றுவழி மைலைக் கழித்துவிடுங்கள். ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போவதும் சொந்த மைல்தான், நீங்கள் புரமோஷனுக்கு வேண்டிக்கொண்டாலும்.

மைல் பதிவேடு: படிப்படியாக

1. காரை வாங்கிய அன்றே ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு போட்டோ.
2. ஒவ்வொரு வேலைப் பயணத்துக்கும் ஐந்து விவரம்: தேதி, புறப்பட்ட இடத்தின் போஸ்ட்கோட், சேர்ந்த இடத்தின் போஸ்ட்கோட், யாரை எதற்காகப் பார்த்தீர்கள், எத்தனை மைல். "மீட்டிங்" என்று மட்டும் எழுதுவது போதாது.
3. வழியில் சார்ஜ் போட்டிருந்தால் அதே வரியில் யூனிட், தொகை, இடம்.
4. அன்றன்றே எழுதுங்கள். ஃபோன் செயலி பயணத்தைத் தானாகப் பதிவு செய்தாலும் எது வேலை, எது சொந்தம் என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்புக்கு வாரக் கடைசியில் ஒருமுறை உட்கார்ந்தால் போதும்.
5. மாதக் கடைசியில் ஓடோமீட்டர் வித்தியாசத்திலிருந்து வேலை மைலைக் கழியுங்கள். மிச்சம் சொந்த மைல். அது நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த மைல் பூஜ்யம் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வருடக் கடைசியில் காலண்டரைப் பார்த்து ஒரே மூச்சில் எழுதிய பதிவேட்டைத் தணிக்கையாளர் எளிதில் கண்டுபிடிப்பார். எல்லாப் பயணமும் 20, 40, 60 என்று முழு எண்ணில் இருக்கும்.

கரண்ட் பதிவேடு: இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்

இரண்டு விகிதம் வந்த பிறகு, எந்த மைல் வீட்டு மின்சாரத்தில் ஓடியது, எந்த மைல் பொதுச் சார்ஜரில் ஓடியது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரிக்குள் போன பிறகு இரண்டும் கலந்துவிடும். ஆகவே யூனிட்டை வைத்துப் பிரிப்பதுதான் வழி.

1. சுவர்ச் சார்ஜரின் செயலியில் மாத அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். எத்தனை யூனிட், எந்த நேரத்தில் என்று அதில் இருக்கும்.
2. பொதுச் சார்ஜர் ரசீதுகளை ஒரு கோப்புறையில் சேருங்கள். 2024 நவம்பர் 24 முதல் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்களில் கார்டைத் தொட்டுப் பணம் கட்டும் வசதி கட்டாயம். வசதிதான், ஆனால் ரசீது கையில் வராது. அந்த நிறுவனத்தின் தளத்தில் போய் எடுக்க வேண்டும். செயலி வழியாகக் கட்டினால் ரசீது மின்னஞ்சலில் வந்து சேரும். கிளெய்ம் போடுகிறவருக்குச் செயலியே நல்லது.
3. மாத யூனிட்டுகளைக் கூட்டி, வீடு எத்தனை பங்கு, பொது எத்தனை பங்கு என்று பாருங்கள்.
4. வேலை மைலை அதே பங்கில் பிரியுங்கள்.

காரின் டாஷ்போர்டு காட்டும் "ஒரு யூனிட்டுக்கு இத்தனை மைல்" என்ற எண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பேட்டரியிலிருந்து வெளியே போனதைத்தான் அது காட்டுகிறது. சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போகும் இழப்பு அதில் இல்லை, ஆனால் பில்லில் இருக்கும். மீட்டரில் ஓடிய யூனிட்டால் மைலை வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் காரின் நிஜமான எண்.

ஒரு மாதக் கணக்கு

ஸ்லவ் நகரில் குடியிருக்கும் ஒரு சர்வீஸ் எஞ்சினியரை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,200 மைல். அதில் 800 வேலைக்கு. வீட்டில் இரவில் 260 யூனிட், 7 பென்ஸ் வீதம். வழியில் அதிவேகச் சார்ஜரில் 100 யூனிட், 79 பென்ஸ் வீதம். மொத்தம் 360 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 3.3 மைல்.

செலவு: வீட்டில் 18.20 பவுண்டு, வெளியே 79 பவுண்டு, ஆக 97.20. வேலை மைல் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் வேலைக்கான செலவு 64.80.

கிளெய்ம்: யூனிட்டில் 72 சதவீதம் வீட்டுடையது. எனவே 578 மைலுக்கு 7 பென்ஸ், அதாவது 40.46 பவுண்டு. மீதி 222 மைலுக்கு 14 பென்ஸ், 31.08. ஆக 71.54. கையில் ஆறேழு பவுண்டு மிஞ்சுகிறது. அதற்கு வரி கிடையாது.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். அவர் இரவுக் கட்டணத்துக்கு மாறவில்லை. சாதாரணக் கட்டணமான 26 பென்சில் வீட்டுச் சார்ஜ் போடுகிறார். வீட்டுச் செலவு 67.60 ஆகிறது. வேலைக்கான பங்கு 97.73. கிளெய்ம் அதே 71.54தான். மாதம் 26 பவுண்டு கைநஷ்டம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த 100 யூனிட்டும் மான்செஸ்டர் வரை வேலையாகப் போன வழியில் போட்டது. சொந்த ஓட்டத்துக்கு அவர் பொதுச் சார்ஜரைத் தொடுவதே இல்லை. அப்படியானால் மாதச் சராசரியில் பிரிப்பது அவருக்கு அநியாயம். 333 மைலுக்கு 14 பென்ஸ், 467 மைலுக்கு 7 பென்ஸ் என்று போட்டால் 79.31 வரும். உண்மையில் வேலைக்கு ஆன செலவு 88.80, அப்போதும் ஒன்பது பவுண்டுக்கு மேல் குறைகிறது. அதிவேகச் சார்ஜரில் மைலுக்கு 24 பென்ஸ் போல் ஆகும்போது 14 பென்ஸ் எங்கே கட்டும்? அடிக்கடி நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, ரசீதுகளோடு மேலாளரிடம் கொடுத்து, அதிவேகச் சார்ஜை உண்மைச் செலவில் தரும்படி கேளுங்கள். எந்த முறையில் பிரிப்பது என்பதையும் அப்போதே பேசி, மின்னஞ்சலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு மாதம் உங்களுக்குச் சாதகமான முறைக்குத் தாவக் கூடாது.

கம்பெனி அசையவில்லை என்றால், வாங்கியதற்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரிச்சலுகை கேட்க வழி இருக்கிறது. பி87 படிவம், அல்லது செல்ஃப் அசெஸ்மென்ட். ஆனால் முழு வித்தியாசமும் திரும்பி வராது, அதன் மேலான வரி மட்டுமே வரும். 26 பவுண்டுக்கு 20 சதவீத வரி கட்டுகிறவருக்குக் கிடைப்பது 5 பவுண்டு சொச்சம். கம்பெனியோடு பேசுவதில் செலவிடும் அரை மணி நேரத்துக்குப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் கம்பெனியே கட்டினால்

மின்சாரத்தை வரித்துறை "எரிபொருள்" என்று கணக்கில் எடுப்பதில்லை. பெட்ரோல் கம்பெனி காரில் சொந்த ஓட்டத்துக்கும் கம்பெனி பெட்ரோல் போட்டுக் கொடுத்தால் அதற்குத் தனியாகக் கனமான வரி உண்டு. மின்சாரக் காரில் அந்த வரியே இல்லை. கம்பெனி கார்டில் சார்ஜ் போடலாம், ஆபீஸ் வாசலில் போடலாம், சொந்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் போட்ட சார்ஜைக் கம்பெனி திருப்பித் தந்தால் வரி உண்டா என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 2023-இல் வரித்துறை தன் நிலையை மாற்றிக்கொண்டு, அதற்கும் வரியில்லை என்று ஏற்றது. ஒரு நிபந்தனை: அந்த மின்சாரம் கம்பெனி காருக்குத்தான் போனது என்று காட்ட முடிய வேண்டும். இங்கேதான் வீட்டு மின்பில்லை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் சிக்குகிறார்கள். இட்லி மாவு அரைத்ததும் அதே பில்லில்தான் இருக்கிறது! சார்ஜரின் அறிக்கை வேண்டும். வீட்டில் துணைவரின் மின்சாரக் காரும் அதே சார்ஜரில் போடப்படுகிறது என்றால், செயலியில் இரு காருக்கும் தனித்தனிக் கணக்குப் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாத சார்ஜர் என்றால் கம்பெனி காரின் செயலி தரும் பதிவை ஆதாரமாக வையுங்கள்.

யூனிட்டுக்கு எந்த விலை என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரவு விலையில் போட்டுவிட்டுப் பகல் விலையில் கிளெய்ம் போடுவது பொய்க் கணக்கு.

வீட்டுச் சார்ஜர்: பணமும் பாதுகாப்பும்

சாதாரண மூன்று முள் பிளக்கில் 10 ஆம்பியரில் சார்ஜ் போட்டால் மணிக்கு 2.3 யூனிட் ஏறும். இரவுக் கட்டணம் ஐந்தாறு மணி நேரம்தான். ஆறு மணி நேரத்தில் 14 யூனிட்கூட வராது, 45 மைல் ஓடும். 7.4 கிலோவாட் சுவர்ச் சார்ஜரில் அதே ஆறு மணி நேரத்தில் 44 யூனிட், 145 மைல். நிறைய ஓடுகிறவருக்குச் சுவர்ச் சார்ஜர் இல்லாமல் இரவுக் கட்டணத்தால் பெரிய பயனில்லை. இரவுக் கட்டணத்துக்கு ஸ்மார்ட் மீட்டரும் வேண்டும். மாறும் முன் பகல் விலை எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்; பகலெல்லாம் மின் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஒரு பக்கம் மிச்சமானது மறுபக்கம் போய்விடும்.

சுவர்ச் சார்ஜர் போடும் வரிசை:

1. வாடகை வீடென்றால் முதலில் உரிமையாளரின் எழுத்து அனுமதி. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஃபிளாட் உரிமையாளர்களுக்கும் அரசு மானியம் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் விண்ணப்ப நிபந்தனைகளைப் பாருங்கள்.
2. கம்பெனி செலவு ஏற்குமா என்று கேளுங்கள். கம்பெனி காருக்காகக் கம்பெனி உங்கள் வீட்டில் சார்ஜர் பொருத்தித் தந்தால் அதற்கு வரியில்லை. வேலையை விட்டால் சார்ஜர் யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.
3. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை மட்டும் கூப்பிடுங்கள். வீட்டின் மெயின் ஃபியூஸ் தாங்குமா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பகுதி மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவர் வேலை. "தெரிந்த பையன் ஒருத்தன் இருக்கிறான்" என்ற ஏற்பாடு இங்கே வேண்டாம். தீப்பிடித்தால் வீட்டு இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.
4. வேலை முடிந்ததும் சான்றிதழ் வாங்குங்கள். கம்பெனியும் கேட்கும், வீட்டை விற்கும்போதும் கேட்பார்கள்.

சுவர்ச் சார்ஜர் வரும்வரை மூன்று முள் கேபிளைப் பயன்படுத்தலாம், சில கட்டுப்பாடுகளோடு. எக்ஸ்டென்ஷன் கேபிள் கூடவே கூடாது. சுற்றி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீல் மணிக்கணக்கில் கரண்ட் ஓடினால் உருகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். நடைபாதையின் குறுக்கே கேபிளை இழுத்துப் போட்டு யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. கேபிள் செல்ல நடைபாதையில் சிறு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும் கவுன்சில்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மற்ற செலவுகள்

சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கம்பெனி தலையில். கீழே உள்ளவற்றில் எது உங்கள் தலையில் என்று கார்க் கொள்கையில் தேடுங்கள்.

*சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காததற்கு அபராதம்.* சார்ஜர் நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் போடும். இது மின்சாரச் செலவல்ல, கம்பெனிகள் தருவதில்லை. அதிவேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மிக மெதுவாகிவிடும், அங்கேயே கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

*லண்டன் கஞ்செஷன் சார்ஜ்.* மின்சாரக் காருக்கு இருந்த முழு விலக்கு 2025 டிசம்பர் 25-உடன் முடிந்தது. 2026 ஜனவரி 2 முதல் நாள் கட்டணம் 18 பவுண்டு; ஆட்டோ பே பதிவு செய்த மின்சாரக் காருக்கு 25 சதவீதத் தள்ளுபடி. பழைய நினைப்பில் கட்டாமல் உள்ளே போய்விடாதீர்கள்.

*டார்ட்ஃபோர்டு கிராசிங்.* மின்சாரக் காருக்கும் கட்டணம் உண்டு, மறுநாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டும். கட்டணத்தைக் கம்பெனி தரும், மறந்தால் வரும் அபராதத்தைத் தராது.

*குளிர்காலம்.* டிசம்பர், ஜனவரியில் ஒரு யூனிட்டில் ஓடும் தூரம் நன்றாகக் குறையும். மைல் விகிதத்தில் வாங்குகிறவருக்கு அந்த மாதங்களில் கை கடிக்கும். காலையில் கிளம்புமுன், கார் பிளக்கில் இருக்கும்போதே செயலி வழியாக உள்ளே சூடேற்றுங்கள், பேட்டரி மிச்சமாகும்.

*பயன்பாட்டு வரி.* கம்பெனி காரைச் சொந்த உபயோகத்துக்கும் தருவதால் வரும் வரி இது. 2025-26 ஆண்டில் மின்சாரக் காருக்குப் பட்டியல் விலையில் 3 சதவீதம், 2026-27-இல் 4. 42,000 பவுண்டு காருக்கு 3 சதவீதம் என்றால் 1,260 பவுண்டு. 40 சதவீத வரி கட்டுகிறவர் ஆண்டுக்கு 504 பவுண்டு கட்டுவார். 2029-30-இல் இது 9 சதவீதமாக உயரப் போகிறது. நான்கு வருட லீஸ் கையெழுத்துப் போடுமுன் நான்காம் வருட விகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலை வரி மின்சாரக் காருக்கு 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. 2028 ஏப்ரல் முதல் மைலுக்கு 3 பென்ஸ் கட்டணம் என்றும் 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். கம்பெனி காருக்கு அதை யார் கட்டுவது என்று உங்கள் லீஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

வேலையை விடும்போது

1. கடைசிச் சம்பளத்துக்கான பேரோல் தேதிக்கு முன் பாக்கிக் கிளெய்ம் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். அதன் பிறகு கம்பெனியின் செலவுத் தளத்துக்குள் நுழையவே முடியாது.
2. மைல் பதிவேடு, சார்ஜர் அறிக்கைகள், ரசீதுகள் ஆகியவற்றின் பிரதியை உங்கள் சொந்தக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரித்துறை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.
3. காரை ஒப்படைக்கும்போது ஓடோமீட்டர், நான்கு பக்கம், சக்கரங்கள், சார்ஜ் கேபிள்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கேபிள் ஒன்று குறைந்தால் நூற்றுக்கணக்கில் பிடிப்பார்கள்.
4. காரின் செயலியிலிருந்து உங்கள் வீட்டு முகவரி, ஃபோன் தொடர்புகள், சேமித்த பயணங்கள் ஆகியவற்றை அழித்துவிட்டு வெளியேறுங்கள். பொதுச் சார்ஜர் செயலிகளில் காரின் எண்ணையும் நீக்குங்கள். சில நிறுவனங்களில் காரைப் பிளக்கில் மாட்டியவுடன் தானாகவே பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை நிறுத்தாவிட்டால் அடுத்து அந்தக் காரை ஓட்டுகிறவரின் சார்ஜும் உங்கள் கார்டிலிருந்தே போகும்.